சந்திர சூரியர் உள்ளவரை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து செல்பவர்களுக்குப் பாதையின் நிலை கண்ணில் படுவதில்லை. முன்னே செல்பவரின் முதுகும், வலப்புறம் நிலவொளியில் எழுந்து நிற்கும் மலையுமே தெரியும். பாதை எப்படி இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் விசேஷம் ஏதுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். எழுபது வயதைக் கடந்த அடியார்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள். பௌர்ணமி நெரிசல் அவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கிழக்கு ராஜகோபுரத்தின் முன் நின்று அருணாசலேஸ்வரரை வணங்கி, செருப்பைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டு, மெல்ல நடக்கத் தொடங்குகிறார்கள்.

மலையின் உயரம் 2,668 அடி. அதைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல், அவசரமின்றி, காலடி ஓசை கேளாதபடி நடக்க வேண்டும் என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருவது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலைக்கு வந்த பகவான் ரமண மகரிஷி, 1926 வரை இந்த மலையைப் பலமுறை வலம் வந்தவர். வழியில் தங்கி, சமைத்து உண்டு, பாடிக்கொண்டு, அன்பர்களோடு மெதுவாக வந்ததும் உண்டு. அக்காலத்தில் மண் பாதை, இருபுறமும் மரங்கள், ஆங்காங்கே கல் மண்டபங்கள், தாகத்துக்குத் தீர்த்தக் குளங்கள்.

இன்று அதே நிதானத்தில் நடக்கும் ஒரு மூதாட்டி குபேர லிங்கத்தை நெருங்கும்போது வெயில் ஏறிவிடுகிறது. தார் சுடுகிறது. ஓரத்து நடைபாதையில் ஏறினால், பதித்த கற்களில் ஒன்றிரண்டு பெயர்ந்து அதன் விளிம்பு உள்ளங்காலில் குத்துகிறது. நீரிழிவு உள்ள காலுக்கு அந்தக் குத்து உடனே தெரியாது. மாலையில் வீட்டுக்குப் போன பிறகு புண்ணாகத்தான் தெரியும். கழிப்பறைக் கட்டடம் ஒன்று கண்ணில் பட்டாலும், அது திறந்திருக்குமா, தண்ணீர் வருமா என்ற ஐயத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. இந்த ஐயத்தின் காரணமாகவே முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீர் அருந்தாமல் வரும் வயோதிகப் பெண்கள் உண்டு. பக்தியின் பெயரால் மேற்கொள்ளும் உபவாசம் அல்ல அது.

இப்பாதைக்கு அரசாங்கம் செலவிடவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகலமான சாலை, விளக்குகள், நடைபாதை, ஓய்விடங்கள் எல்லாம் பொதுப் பணத்தில் வந்தவையே. பௌர்ணமிதோறும் காவல், மருத்துவம், துப்புரவு, சிறப்புப் பேருந்துகள் என ஏற்பாடுகள் நடக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த 14 கிலோமீட்டரும் ஒரே கையில் இல்லை. ஒரு பகுதி செங்கம் நெடுஞ்சாலை. ஒரு பகுதி காஞ்சி சாலை. நகருக்குள் வரும் பகுதி நகர நிர்வாகத்தின் பொறுப்பு. வலப்புறம் உயரும் மலைச்சரிவு வனத்துறையின் ஆளுகையில் உள்ளது. கோயிலும் லிங்கச் சந்நிதிகளும் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் வருபவை. நடப்பவருக்கு அது ஒரே பாதை. கோப்புகளிலோ அது பல துண்டுகள். ஒரு துண்டில் கல் பெயர்ந்தால் மற்றத் துண்டின் அதிகாரி அதைப் பார்த்துவிட்டுப் போகலாமே தவிர, சரிசெய்ய அவருக்குப் பணமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பணத்தின் இயல்பில் உள்ளது. அரசுத் திட்டங்களில் பணம் வருவது கட்டுவதற்கு. மதிப்பீடு, ஒப்பந்தம், பூமி பூஜை, திறப்பு விழா என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. கட்டியதைத் துடைத்து, பழுதுபார்த்து, நிழல்மரத்துக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்றுவதற்கு அப்படி ஒரு வரிசை இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம்; பெருக்கிய துடைப்பத்தில் பொறிக்க இயலாது. பக்தர்களும் இதில் அரசாங்கத்துக்குச் சளைத்தவர்கள் அல்லர். அண்ணாமலையார் கோயிலின் வடக்குக் கோபுரம் அம்மணி அம்மாள் என்னும் பெண் துறவி வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி எழுப்பியது என்பது வரலாறு. கோபுரம் என்றால் வீடுதோறும் கை நீளும். கழிப்பறைக்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் வைக்க வேண்டும் என்று கேட்டு வீடு வீடாகப் போனால் எத்தனை கதவுகள் திறக்கும் என்பது அவரவர் மனத்துக்குத் தெரியும்.

பணம் வந்தும் பாதை நலிவதற்கு ஓர் உதாரணம் அண்மைக் காலத்திலேயே உண்டு. 2016ஆம் ஆண்டு வாக்கில் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் பணிக்காக மரங்கள் வெட்டப்பட்டன. உள்ளூர் மக்களும் ஆன்மிக அன்பர்களும் எதிர்த்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு மரம் வெட்டுவதைத் தடுத்தது. கூட்டம் பெருகிவிட்டது, பாதை போதவில்லை என்ற அதிகாரிகளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பௌர்ணமிக்கு இலட்சக்கணக்கில் மக்கள் வரும்போது நெரிசலில் உயிர்ச்சேதம் நேர்ந்துவிடக் கூடாதே என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் மாதத்தில் ஓரிரு நாள் மனிதர்க்குப் போதாத பாதை, மற்ற நாட்களில் வாகனங்களுக்குத் தாராளமாகிவிடுகிறது. அகலப்படுத்திய சாலையில் ஆட்டோவும் காரும் விரைகின்றன. நிழல் இழந்த ஓரத்தில் வெறுங்காலுடன் முதியவர் ஒதுங்குகிறார். நடப்பவருக்காக ஒதுக்கிய பணம் நடப்பவரையே ஓரம் தள்ளியது என்றால், திட்டத்தில் எங்கோ பிழை இருக்கிறது.

முன்னோர்கள் இந்த இடத்தில் வேறுவிதமாகச் சிந்தித்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நுந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கொடையாளர் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. விளக்கு எரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடு வேண்டும். ஆடு மூப்படைந்தாலும் மடிந்தாலும் குட்டிகள் பெருகி எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். ஆகவேதான் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றார்கள். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் இத்தனை உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. நந்தவனத்துக்கும் அப்படியே, செடி வைக்கப் பணம் அல்ல, செடிக்கு நீர் இறைக்கும் ஆட்களின் உணவுக்கும் உடைக்கும் நிலம். தண்ணீர்ப் பந்தலுக்குத் தண்ணீர் சுமப்பவருக்கும் கலம் வனையும் குயவருக்கும் பங்கு. முதல் கரையாது, விளைவு மட்டும் செலவாகும். எழுத்தின் முடிவில், சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்ற வாக்கு.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. தேர்தல் முறையைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். ஓர் ஊர் தன் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு பேரை நியமித்து, பதவிக் காலம் 360 நாள் என்றும் வரையறுத்திருக்கிறது. யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த ஊரில் இடமே இருந்திருக்காது.

பாதைக்கும் இதே நியதி இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும், சாலை ஓரத்து மரங்களும், யாத்திரிகர் தங்கும் சத்திரங்களும் தென்பாண்டி நாட்டில் இன்றும் பேசப்படுகின்றன. சத்திரம் கட்டிய கையோடு அதற்கு நிலம் எழுதி வைப்பது அக்கால வழக்கம். சுமைதாங்கிக் கல் ஒன்றைத் தவிர மற்ற எதுவும் பராமரிப்பின்றி நிற்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த ஏற்பாடுகள் முடியாட்சிக் காலத்தோடு போய்விட்டன. குடியாட்சியில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெரியவர்கள் இதற்கு ஒரு பதிலைக் கண்ணால் கண்டிருப்பார்கள். காலையில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தெருக்கோடியில் தொடங்கும் நடைபாதையில் ஓடைக்கரை ஓரமாக மரங்களுக்கிடையே இரண்டு மைல் நடந்து, மர இருக்கையில் அமர்ந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வருவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வாகனம் வராது. இத்தகைய இடங்கள் பலவற்றின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

1964ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் நில நீர்ப் பாதுகாப்பு நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தியது. 1965 தொடக்கத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்கான பணத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமைத் தொகையிலிருந்து வருகிறது. எல்லாருக்கும் பொதுவான கடலிலிருந்து எடுத்ததற்கு ஈடாக, எல்லாருக்கும் பொதுவான நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்பதே அதன் கருத்து. ஊர் நிர்வாகமோ மாநிலமோ பூங்காவுக்கு நிலம் வாங்க விரும்பினால் பாதிச் செலவு வரை அந்த நிதி கொடுக்கும். மறுபாதியை அவர்கள் போட வேண்டும். இப்படி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பணிகள் நடந்திருக்கின்றன.

அங்கும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. சட்டம் அனுமதித்த முழுத் தொகை ஒதுக்கப்பட்ட ஆண்டுகள் மிகச் சில. மீதி வேறு செலவுகளுக்குப் போயிற்று. 2020ஆம் ஆண்டில்தான், ஆண்டுதோறும் 90 கோடி டாலர் தவறாமல் கிடைக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் இயற்றினார்கள். அந்த நிதி நிலம் வாங்கவும் வசதிகள் அமைக்கவுமே பயன்படும். அன்றாடம் பெருக்கித் துடைக்கும் செலவு ஊர் நிர்வாகத்தின் தலையில்தான். நடைபாதைகளைப் பழுதுபார்க்க 1991 முதல் வேறொரு திட்டம் உண்டு. சாலையல்லாத வழிகளில் ஓடும் வாகனங்களின் எரிபொருள் வரியிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. பாதையைத் தேய்ப்பவர்களே பாதையைச் செப்பனிடவும் கொடுக்கிறார்கள். கிராமத்துக் கணக்குப்பிள்ளைகூட ஒப்புக்கொள்ளும் நியாயம் அது.

பழைய சட்டத்தின் ஒரு விதி மட்டும் தமிழ்நாட்டு அடியார்களின் மனத்தைத் தொடக்கூடியது. அந்த நிதியில் ஒரு காசு பெற்ற நிலமாயினும், அது என்றென்றைக்கும் மக்களின் உலாவுக்கும் ஓய்வுக்கும் திறந்தே இருக்க வேண்டும். பின்னால் வரும் நிர்வாகம் அதில் கட்டடம் கட்ட ஆசைப்பட்டால், மத்திய அரசின் ஒப்புதல் பெற்று, அதே மதிப்பும் அதே பயனும் உள்ள வேறு நிலத்தை ஈடாகக் கொடுத்தாக வேண்டும். கடல் கடந்த ஒரு தேசத்தின் சட்டப் புத்தகத்தில், சந்திர சூரியர் உள்ளவரை என்ற நம் கல்வெட்டு வாசகம் வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

இது எவ்வளவு முக்கியம் என்பதைத் திருவண்ணாமலையே 2024 டிசம்பர் முதல் தேதி கண்டது. ஃபெஞ்சல் புயலோடு வந்த பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து அடிவாரக் குடியிருப்பின்மீது விழுந்தது. ஏழு உயிர்கள் மண்ணுக்குள் போயின. அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத் திருவிழாவில் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அங்கே வீடு கட்டிக் குடியேறிய ஏழைகளைக் குறை சொல்லி என்ன பயன்? மலைக்கும் ஊருக்கும் இடையே ஒரு காலத்தில் வெற்றிடமாக இருந்த நிலம், வெள்ளம் இறங்கிக் குளங்களைச் சேரும் வழி, யாருடைய கணக்கிலும் இல்லாத இடமாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக வீடாயிற்று. மலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான தீர்த்தங்கள் இருந்ததாக மரபு கூறும். தீர்த்தம் என்றால் நீராடும் இடம் மட்டுமன்று. மலையில் விழும் மழையை ஏந்திக்கொள்ளும் கையும் அதுவே. திறந்தவெளிக்குச் செலவிடும் பணத்தை நடைப்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்குமான செலவு என்று மட்டும் எண்ணுபவர்கள் இந்த ஏழு பேரை நினைத்துப் பார்க்கலாம்.

நல்ல முயற்சிகளும் அதே மலையில் உண்டு. மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையினரும் மரம் வளர்த்து வந்திருக்கிறார்கள். கோடையில் காட்டுத் தீ பரவாதிருக்கப் புல் அகற்றித் தடுப்புக் கோடு இடுவது, கன்றுகளுக்குக் குடம் சுமந்து நீர் வார்ப்பது என ஆண்டுதோறும் அதே வேலையைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். இன்று மலையில் தென்படும் பசுமை நட்டவர்களால் மட்டும் வந்ததன்று. நட்டதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் நீர் ஊற்றியவர்களால் வந்தது.

நடைப்பயிற்சிக்கென்று தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. வரவேற்க வேண்டியதே. ஆனால் பல கோயில் நகரங்களில் வயோதிகர் நடக்க நூற்றாண்டுகளுக்கு முன்பே அமைந்த பாதை ஒன்று உண்டு: நான்கு மாட வீதிகளும் குளக்கரையும். மாலையில் பிராகாரம் சுற்றி, குளத்தைச் சுற்றி, படிக்கட்டில் அமர்ந்து காற்று வாங்கிய தலைமுறை ‘வாக்கிங்’ என்ற சொல்லை அறியாது. அதே வீதிகளில் இன்று வண்டிகள் இருவரிசையாக நிற்க, முதியவர்கள் நடுச் சாலையில் நடக்கிறார்கள். குளத்துக்குச் சுற்றுவேலி போட்ட பின் அதன் வாயில் பூட்டியே கிடக்கும் ஊர்களும் உண்டு. வேலி போடப் பணம் வந்தது, திறந்து மூட ஆள் வரவில்லை.

இதற்குக் கோயில் உண்டியலை நோக்கிக் கை நீட்டுவது எளிது. அது முறையாகாது. உண்டியலில் விழுவது சுவாமிக்குச் சமர்ப்பித்த பொருள். பூஜைக்கும் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் உரியது. வீதியும் குளக்கரைச் சாலையும் கோயிலுக்கு வருபவர், வராதவர், பால்காரர், பள்ளிப் பிள்ளை என எல்லாரும் நடக்கும் இடம். அதற்கு எல்லாரும் செலுத்தும் வரியிலிருந்து பணம் வருவதே பொருத்தம். ஊரில் வீட்டு வரி கட்டும் ஓய்வூதியருக்கு அதைக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு.

கேட்கும் இடமும் இருக்கிறது. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. இக்கூட்டங்களில் இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் புதிய கட்டடம். பெரியவர்கள் வேறொன்றைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்: குளக்கரைக் கழிப்பறையைத் தினமும் கழுவுபவருக்கு மாதச் சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது, நட்ட மரங்களுக்கு அடுத்த மூன்று ஆண்டு நீர் வார்க்கும் தொகை எவ்வளவு, பெயர்ந்த கல்லை எத்தனை நாளில் பதிக்க வேண்டும், அதற்குப் பொறுப்பானவர் பெயரும் தொலைபேசி எண்ணும் எந்தப் பலகையில் எழுதப்படும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், இருந்த இடத்திலிருந்தே மறுபடி கேட்கலாம்.